ஒவ்வொருவராகக் கடக்கும் சரிவு

ஆஸ்திரியாவுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குளிர்காலத்தில் இங்கே, காபி போடுவதற்கு முன்பே, இன்றைக்கு மலை சரியுமா என்று செல்பேசியில் பார்த்துவிடுகிறேன். எந்தப் பக்கத்துப் பனி பெயர்ந்து விழக்கூடும் என்று ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டுத் தினமும் அறிவிக்கிறார்கள். நான் பிறந்த திருத்தணியில் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அது மேலே வந்து விழும் என்று சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அன்று எண் இரண்டு. ஐந்துதான் மிக ஆபத்து. நானும் என் அக்காள் கணவரும் ஒரே விடுதியில் சமையல் வேலை செய்கிறோம். அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு குளிர்காலம் விழுந்து எழுந்து ஸ்கீ என்னும் பனிச்சறுக்கைப் பழகியிருந்த எங்களை, கூடவே வேலை செய்யும் கிரேட்டா ஆள் நடமாட்டமில்லாத மலைக்கு அழைத்துப் போனாள். செங்குத்தான ஒரு சரிவின் ஓரத்தில் நிறுத்தி, "ஒவ்வொருவராக வாருங்கள். ஒருவர் எதிர்ப்பக்கம் இருக்கும் அந்தப் பாறையைத் தொட்ட பிறகுதான் அடுத்தவர்" என்று சொல்லிவிட்டு முதலில் கடந்தாள். அடுத்து பாவா கிளம்பினார்.

எனக்குக் கால் நிற்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்குப் பாவா காவடி எடுத்துப் படியேறும்போது, கைக்கெட்டும் தூரத்தில் பின்னாலேயே போவது என் பொறுப்பு. தள்ளாடினால் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் பத்தடி போய்விட்டேன். "ஹால்ட்" என்று கத்தினாள் கிரேட்டா.

பாவா திரும்பினார். "நீ ஏன்டா வந்துகினு இருக்க? அவதான் சொல்றா இல்ல, போ அந்தாண்ட" என்றார். பின்வாங்கி நின்றேன். அவர் தனியாகப் போய்ச் சேரும்வரை அவர் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு கிரேட்டாவும் அவரும் போன தடத்திலேயே நானும் கடந்தேன்.

"அப்படி என்ன அவசரம்?" என்றாள் கிரேட்டா.

"அவசரம் இல்லை. விழுந்தால் பிடிக்க வேண்டாமா?"

அவள் என் முதுகுப்பையில் இருந்த மண்வாரியைத் தட்டினாள். "இரண்டு பேரும் புதைந்தால் யார் தோண்டுவது?"

அதுவரை அந்த மண்வாரி எனக்காக என்றே நினைத்துச் சுமந்திருந்தேன். புதைந்தவன் தன்னைத் தானே தோண்டிக்கொள்ள முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அது பாவாவுக்கானது.

பாறை நிழலில் சப்பாத்தியைப் பிரித்தபோது அரக்கோணத்திலிருந்து அக்காள் வீடியோவில் வந்தாள். "பாவா கூடவே போனியாடா?" என்றாள். பதிலுக்குச் செல்பேசியைச் சரிவின் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"ஒரே தடமாத்தான் தெரியுது. ஒட்டிக்கினே போயிருக்கீங்க. அப்படித்தான் போவணும்."

பாவா சப்பாத்தியை மென்றபடி சிரிப்பை அடக்கினார்.

"ஆங், கூடவேதான்க்கா" என்றேன். அவள் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒற்றைத் தடத்தில், அவர் போனபோது நான் அந்தக் கோடியில் நின்றிருந்தேன். நான் வந்தபோது அவர் இந்தக் கோடியில்.