மூங்கில் கையும் முசஃபா பயணமும்

என் பேத்தி அபுதாபியில் எஞ்சினியராக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். எங்கள் குடும்பத்திலிருந்து அங்கே போய் மேசை நாற்காலியில் உட்காரும் முதல் ஆள் அவள்தான். பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன், இங்கேயும் சொல்லிவிட்டேன். அவளைப் பார்க்கப் போகும் சொந்தக்காரர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்புத்தான், ஆனால் அந்த வழி எனக்கு மறக்காது. எண்பதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை நெஞ்சு பதைக்கப் போன வழி.

இலங்கையில் ஹட்டன் தேயிலைத் தோட்டத்திலிருந்து போய், ஷார்ஜாவில் ஒரு ஹாங்காங் தம்பதி வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அபுதாபிக்கு வெளியே முசஃபாவில் வெல்டர். அந்த வாரம் எங்கள் டிரைவர், புதுக்கோட்டைக்காரர் காசி அண்ணன், ஒரு செய்தி கொண்டுவந்தார். வெல்டிங் வெளிச்சம் பட்டு என் வீட்டுக்காரருக்குப் பார்வை போய்விட்டதாம்.

மேடத்திடம் அழுதேன். வெள்ளிக்கிழமை அபுதாபியில் சிநேகிதி வீட்டில் மாஜோங், சமைக்க என்னையும் கூட்டிப்போவதாகவும், ஆட்டம் முடிந்ததும் காசி முசஃபாவில் கொண்டுபோய் விடுவார் என்றும் சொன்னார். மாஜோங் என்பது நாலு பேர் சின்னக் கட்டைகளை வைத்து ஆடும் சீன ஆட்டம். முடிய ராத்திரி பத்தாகும். என் வீட்டுக்காரர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பின் காவலாளியோ சூரியன் சாயும் நேரத்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு பெண்களை உள்ளே விடமாட்டார்.

காலை எட்டுக்குக் கிளம்பினோம். நூற்று எழுபது கிலோமீட்டர் சொச்சம், இரண்டரை மணி நேரம். இரண்டு பக்கமும் மணல். ஒட்டகம் குறுக்கே வந்தால் அது போகும்வரை நிற்க வேண்டியதுதான். பின்சீட்டில் மேடம் தூங்கிக்கொண்டிருந்தார். அபுதாபி நகரத்துக்குள் போகும் மக்தா பாலத்துக்கு முன்னால் காசி அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, அந்தா போகுதே, அதான் முசஃபா ரோடு.”

“நிறுத்துங்கண்ணே, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுறேன்.”

“நிறுத்துறேன். அப்புறம் வேலை போயி ரெண்டு பேரும் சேந்து ஊருக்குப் பிளேன் ஏறிருவோம், சரியா?”

வண்டி பாலத்தைத் தாண்டிவிட்டது.

அந்த வீட்டு அடுப்படியில் நூடுல்ஸ் கிளறும்போது கை தவறி, சோயா சாஸ் சேலை முந்தானையில் கொட்டியது. சாப்பாடு முடிந்ததும் நாலு பேரில் ஒரு சீமாட்டிக்குப் பல்வலி, போய்ப் படுத்துவிட்டார். “நீதான் ரெண்டு வருஷமா என் பின்னால நின்னு பாக்குறியே, உக்காரு” என்றார் மேடம், எங்கள் பாதி இங்கிலீஷ் பாதி இந்தியில்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது பெரிய கை, அதாவது அபூர்வமான கட்டைச் சேர்க்கை, அமைந்தால் அன்றைய ராசி தீர்ந்தது என்று கட்டைகளைப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். சின்ன வெற்றிகளாக வந்தால் ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும். எனக்குப் பெரிய கைதான் வேண்டும்.

கையில் பதின்மூன்று கட்டை. ஒன்று எடுத்து ஒன்று போட வேண்டும். மும்மூன்றாக நாலு கூட்டமும் ஒரு சோடியும் சேர்ந்தால் வெற்றி. எழுத்து, வட்டம், மூங்கில் என்று கட்டைகளில் முக்கியமாக மூன்று இனம்; எல்லாம் ஒரே இனமாக இருந்தால் பெரிய கை. சீன எழுத்துக் கட்டைகளைப் படிக்க எனக்குத் தெரியாது. மூங்கில் கட்டையில் கோடுகளை எண்ணினால் போதும், ஒன்றாம் கட்டையில் மட்டும் குருவிப் படம். மூங்கிலையே சேர்த்தேன். முதல் சில ஆட்டங்களில் ஒன்றும் தேறவில்லை.

ஜன்னலில் வெயில் மஞ்சளாகும்போது மூங்கிலில் மூன்று கூட்டம், வட்டத்தில் ஒன்று, தனியாக ஒரு குருவி வைத்திருந்தேன். இன்னொரு குருவி வந்தால் வெற்றி. மேடமே அதைப் போட்டார். எடுத்தால் சின்ன வெற்றி, மறுபடி கட்டை கலைத்து அடுத்த ஆட்டம். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு வட்டங்களை ஒவ்வொன்றாகக் கழித்து, வந்த மூங்கிலை வைத்துக்கொண்டேன். நாலாவது கூட்டமும் மூங்கிலிலேயே சேர்ந்தது. குருவி மொத்தமே நாலு, இன்னும் இரண்டுதான் மிச்சம், அவை யார் கையில் முடங்கிக் கிடக்கின்றனவோ! எடுக்க வேண்டிய கட்டைகள் நாலைந்தாகக் குறைந்தபோது ஒன்றை எடுத்துத் தடவினேன். பார்ப்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிட்டது.

கட்டைகளைத் திறந்து வைத்தேன். மேடம் குனிந்து பார்த்தார்.

“நான் அப்பவே குருவி போட்டேனே, நீ பாக்கலையா?”

“பாத்தேன் மேடம். மஃரிபுக்கு முன்னாடி முசஃபா போகணும்.”

கட்டைகளை இரண்டு கையாலும் வாரிப் பெட்டியில் போட்டார். பிறகு பெட்டியைப் படாரென்று மூடினார். “கலாஸ், ஆட்டம் முடிஞ்சது! காசி, யல்லா, கிளம்பு!”

அரை மணி நேரத்தில் கேம்ப் வாசல். காவலாளி “ஜல்தி, ஜல்தி” என்று விரட்டினார். முற்றத்தின் அந்தக் கோடியில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாதி முற்றம் தாண்டியிருப்பேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“ஏன்டி, நல்ல சேலையில என்னாடி அது, கறுப்பா?”

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“சோயா சாஸுங்க” என்றேன். “பார்வை போயிருச்சுன்னு சொன்னாங்களே…”

“எவன் சொன்னான்? மூணு நாள் கண்ணுல மணல் அள்ளிக் கொட்டுன மாதிரி இருந்துச்சு. இப்ப பரவால்ல. ஏந்திரி, டீ குடி.”

காசி அண்ணன் வாசலில் நின்றபடியே, செய்தி சொன்னவனை ஊர்ப் பாஷையில் வாழ்த்திக்கொண்டிருந்தார்.

இனி, போகிறவர்களுக்கு. முசஃபாவில் ஆள் பார்க்க வேண்டுமென்றால் மக்தா பாலத்துக்கு முன்பே திரும்பிவிடுங்கள், நகரத்துக்குள் போய்விட்டுத் திரும்பினால் நேரம் வீண். கேம்ப் என்றால் எத்தனை மணி வரை உள்ளே விடுவார்கள் என்று முதலில் கேளுங்கள். அடுத்தவர் சொன்ன செய்தியை நம்பி வழியெல்லாம் அழ வேண்டாம். மாஜோங் ஆடுகிறவர்களுக்கு நான் சொல்வது, கண்ணால் எண்ணக்கூடிய இனத்தைச் சேருங்கள்.

முந்தானைக் கறை பிறகு துவைத்தும் போகவில்லை. நானும் பெரிதாகத் தேய்க்கவில்லை.