உள்பக்கத் தாழ்ப்பாள்

பேய் என்றால் நடுச்சாமம், சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். இது பகலில் நடந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

கூட்டிச் சொல்கிற ஆளும் இல்லை வாசுகி. மலேசியாவில், கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு சிப் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் டெக்னிஷியனாக இருந்தவள். இயந்திரம் நின்றால் எத்தனை மணி, எத்தனை நிமிஷம், என்ன கோளாறு, என்ன காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேலை போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இந்தச் சம்பவத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மணிவாரியாக எழுதி வைத்திருக்கிறாள்.

போன வருஷம் அவளுடைய பிரிவையே மூடிவிட்டார்கள். கையில் கிடைத்த பணத்தில் அவள் நகை வாங்கவில்லை, நிலம் வாங்கவில்லை. ஒரு பழைய காரவன் வாங்கினாள். பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சக்கரம் வைத்த வீடு. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. கூரை ஒழுகியது. சுவர்ப் பலகை ஊறிப்போய், தொட்டால் தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அலோர் ஸ்டாரில் பழைய வண்டி விற்கிற ஒருவரிடம் வாங்கினாள். அதில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அண்ணன் காளிதாசனுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகவில்லை. புருஷனை விட்டு வந்த நாளிலிருந்து ஏழு வருஷமாக, சுங்கை பட்டாணியில் அவன் வீட்டில்தான் வாசுகி இருந்தாள்.

"பொம்பள ஒருத்தி தனியா இந்த டப்பாக்குள்ள படுத்துக் கெடப்பியா? நாலு பேரு என்னா சொல்லுவாங்க?"

"நாலு பேருக்கு எடம் இல்லண்ணே. ஒரு ஆளு படுக்கத்தான் கட்டில் இருக்கு."

"ஆறு மாசம். அதுக்குள்ள நீயே அழுதுக்கிட்டு வந்து என் வாசல்ல நிப்ப, பாரு."

அந்தப் பேச்சுக்கே அவள் மறுநாள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

சிடாம் கிரியில் லாரி மெக்கானிக் பரஞ்சோதி பழக்கமானவர். தொழிற்சாலை பஸ்களைப் பழுது பார்த்தவர். அவருடைய பட்டறைக்குப் பின்னால், செம்பனை மரங்களின் ஓரத்தில் காரவனை நிறுத்திக்கொள்ளச் சொன்னார். அது தயாராகும்வரை படுத்துக்கொள்ளப் பட்டறையை ஒட்டி ஒரு சின்ன அறையும் கொடுத்தார்.

"வேலைய நான் செஞ்சி தரவா, தங்கச்சி?"

"வேணாண்ணே. ஸ்பானர் மட்டும் குடுங்க, போதும்."

அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் இல்லை. தன்னை விட வயதில் சின்னவர்கள் தம்பி, தங்கச்சி. மூத்தவர்கள் அண்ணன், அக்கா. அவ்வளவுதான்.

இரண்டு மாதம் வாசுகி அந்தக் காரவனோடு மல்லுக்கட்டினாள். கூரையில் ஏறி, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, மூட்டு மூட்டாகப் புது சீல் ஒட்டினாள். ஊறிய சுவரை முழுக்கப் பிய்த்து, நடுவில் வெப்பம் தாங்கும் நுரைத்தகடு வைத்து, புது பிளைவுட் அடித்தாள். கூரைமேல் சோலார் தகடு, கட்டிலுக்கு அடியில் பேட்டரி, தொட்டிக்குச் சின்ன பம்ப். ஒயரிங் எல்லாம் அவளுடைய கை. ஒவ்வொரு இணைப்பையும் மீட்டர் வைத்துச் சோதித்த பிறகுதான் மூடினாள்.

கதவு மட்டும் சரிப்படவில்லை.

வெளியே நின்று இழுத்தால் வராது. மழையில் ஊறி இறுகிய கதவு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அப்படி இல்லை. கொஞ்சம் வரும். உடனே உள்பக்கமாகத் திரும்பப் போகும். பிறகு சட்டென்று லேசாகிவிடும். யாரோ உள்ளேயிருந்து கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்து, வந்தது யார் என்று பார்த்துவிட்டு விடுவது மாதிரி.

ரப்பர் பட்டையை மாற்றினாள். அதே கதை. கீலை மாற்றினாள். அதே கதை. கதவின் விளிம்பை அரத்தால் ராவினாள். சுண்டு விரல் நுழைகிற இடைவெளி விழுந்தது. உரசுவதற்கு அங்கே எதுவுமே இல்லை. ஆனாலும் கதவு உள்பக்கம் இழுத்தது.

அக்டோபர் ஒன்பதாம் தேதி அவள் அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் போட்டாள். அதுவரை அதற்குத் தாழ்ப்பாளே கிடையாது, வெளியே பூட்டுகிற சாவி மட்டும்தான். இனிமேல் உள்ளேயே படுக்கலாம் என்று முடிவு செய்திருந்தாள். குமிழைத் தூக்கி, தள்ளி, கீழே மடக்குகிற பழைய மாதிரித் தாழ்ப்பாள். நாலு ஸ்க்ரூ.

அன்றிலிருந்து கதவு பூப்போலத் திறந்தது. நோட்டில் எழுதினாள்: கோளாறு நீங்கியது. காரணம் தெரியவில்லை.

பன்னிரண்டாம் தேதி, காலை 11.20. ட்ரில் முனை எடுக்கப் பட்டறைக்குப் போனாள். 11.26க்குத் திரும்பினாள். கதவு வரவில்லை. ஆட்டிப் பார்த்தாள். உள்ளே இரும்பு 'டக் டக்' என்று இடித்தது.

தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

முன்பக்க ஜன்னல் வழியாக ஏறி உள்ளே குதித்தாள். தாழ்ப்பாள் முழுக்கத் தள்ளப்பட்டு, குமிழ் ஒழுங்காகக் கீழே மடக்கப்பட்டிருந்தது. அதிர்ச்சியில் தானாக விழுகிற சாமான் அல்ல அது. பதினாலாம் தேதியும் அப்படியே. பதினைந்தாம் தேதியும் ஜன்னலில் ஏறி முழங்கால் சிராய்த்தபோது வாசுகிக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. காரவனுக்கு நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இங்க பாரு. நீ யாருன்னு எனக்குத் தெரியாது. இது நான் வாங்குன வீடு. இந்தத் தாப்பா நான் போட்டது. உள்ள இருக்கணுமா, இரு. ஆனா என்னை வெளிய வச்சி பூட்டுற வேலையெல்லாம் வச்சிக்காத. புரியுதா?"

பதில் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, அவள் வெளியே இருக்கும்போது தாழ்ப்பாள் ஒரு தடவைகூட விழவில்லை.

அப்படியானால் சொன்னது காதில் விழுந்திருக்கிறது… அதை நினைத்தபோதுதான் முதல் முறையாக அவளுக்குப் பயம் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் ஜெயித்துவிடுவான்.

அக்டோபர் பத்தொன்பது. வியாழக்கிழமை. பரஞ்சோதி இரண்டு மணிக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு, சாமான் வாங்கச் சுங்கை பட்டாணிக்குப் போய்விட்டார். 3.35க்கு மழை பிடித்தது. அலுமினியக் கூரைமேல் கல் கொட்டுவது மாதிரிச் சத்தம். வாசுகி கட்டிலுக்கு அடியில் படுத்து மின்விசிறிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தாள்.

3.52. டக்.

எழுந்து பார்த்தாள். தாழ்ப்பாள் விழுந்திருந்தது. இப்போது அவள் உள்ளே இருக்கிறாள். திறந்துவிட்டு வந்து ஒயரைக் கையில் எடுத்தாள்.

3.54. சர்ர்ர்…

இந்த முறை அவள் பார்த்தாள். குமிழ் மேலே எழுந்தது. மெதுவாக நகர்ந்தது. சத்தம் வரக்கூடாது என்று கவனமாகச் செய்கிற மாதிரி… கீழே மடங்கியது.

"சொன்னது மறந்துடுச்சா?" என்று கத்திக்கொண்டே போய்க் குமிழில் கை வைத்தாள்.

கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு.

"வாசுகி… கதவத் திற."

பரஞ்சோதியின் குரல்.

"இருங்கண்ணே!" குமிழைத் தூக்கினாள். வரவில்லை. துருப்பிடித்து இறுகியது மாதிரி இல்லை. அவள் கைக்கு மேல் இன்னொரு கை இருப்பது மாதிரி.

"வாசுகி… கதவத் திற."

அதே குரல். அதே இழுவை. அதே இடைவெளி.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

இன்னொன்றும் உறைத்தது. மழைச் சத்தத்தில் அவள் கத்தியது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அந்தக் குரல் மட்டும்… மழையே பெய்யாதது மாதிரி, தெளிவாகக் கேட்டது.

3.58. போன் எடுத்துப் பரஞ்சோதியை அழைத்தாள்.

"சொல்லு தங்கச்சி."

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பாசார் கடைங்க பக்கத்துல, ரோட்டு ஜேம்ல மாட்டிக்கிட்டேன் லா. ஏன்?"

வெளியே மறுபடியும் குரல் வந்தது. "வாசுகி… கதவத் திற."

போனில் பரஞ்சோதி குரலைத் தாழ்த்தினார்.

"அங்க யாரு தங்கச்சி… என் குரல் மாதிரி இருக்கு?"

அவள் கதவிலிருந்து பின்வாங்கினாள்.

"தெறக்காத. நான் வர்றேன். தெறக்காத!"

ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தாள். படியில் யாரும் இல்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. படி முழுக்க நீர் தெறித்தது. நடுவில் மட்டும், இரண்டு பாத அளவுக்கு இடம்… நனையவில்லை.

4.01. கதவு வெளிப்பக்கம் இழுக்கப்பட்டது.

காரவனே ஆடியது. தொட்டியில் இருந்த கிண்ணம் உருண்டது.

மறுபடி இழுப்பு. தாழ்ப்பாளின் ஒரு ஸ்க்ரூ பலகையிலிருந்து தலை நீட்டியது. இன்னொரு இழுப்பு. அது கழன்று அவள் கால்மேல் விழுந்தது.

மூன்று ஸ்க்ரூ மிச்சம்.

குரல் மாறியது.

"வாசுகி… வீட்டுக்கு வாம்மா."

காளிதாசன். அவள் அண்ணன். ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் அவளிடம் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

"வாசுகி… வீட்டுக்கு வாம்மா."

பயத்தை மீறிக் கோபம் வந்தது.

"என் வீட்லதான்டா இருக்கேன்!"

ட்ரில்லை எடுத்தாள். டப்பாவிலிருந்து இரண்டங்குல ஸ்க்ரூக்களை வாயில் கவ்விக்கொண்டாள். இடது கையால் கதவின் கைப்பிடியைப் பற்றி உள்ளே இழுத்தாள்.

கைப்பிடி ஏற்கெனவே உள்ளே இழுபட்டுக்கொண்டிருந்தது.

அவள் தனியாக இழுக்கவில்லை.

இடது தோளோடு தோளாக ஒரு குளிர்ச்சி… மூச்சு வாங்குகிற சத்தம். விட்டு விட்டு. களைத்துப்போன மூச்சு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் தள்ளு. ஸ்க்ரூ போடணும்," என்றாள், ஸ்க்ரூ கவ்விய பல்லிடுக்கில்.

குளிர்ச்சி ஒரு சாண் விலகியது.

ட்ர்ர்ர்ர். ஒன்று. தாழ்ப்பாள் தகட்டின் வழியே, கதவின் அலுமினியச் சட்டத்துக்குள்ளேயே இறக்கினாள்.

ட்ர்ர்ர்ர். இரண்டு.

"வாசுகி…"

ட்ர்ர்ர்ர். மூன்று.

"வா…"

நான்கு.

4.11. இழுப்பு நின்றது.

மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

4.29க்குப் பரஞ்சோதியின் வண்டி வந்தது. "தங்கச்சி! தங்கச்சி, நான்தான்!" என்று அவர் தூரத்திலேயே கத்தினார். வாசுகி எழுந்தாள். அவள் கை வைப்பதற்கு முன், தாழ்ப்பாளின் குமிழ் மேலே எழுந்து, நகர்ந்து, தானாகத் திறந்தது.

"வித்துடு தங்கச்சி. இல்லன்னா கொளுத்திடு," என்றார் பரஞ்சோதி. போனில் அவர் தன் குரலையே கேட்டிருந்தார். அதைப் பற்றி இன்றுவரை அவர் யாரிடமும் பேசுவதில்லை.

வாசுகி விற்கவில்லை. மின்விசிறியை மாட்டினாள். சுவருக்கு வெள்ளை அடித்தாள். ஜன்னலுக்குத் திரை தைத்தாள். நவம்பர் கடைசியில், தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளேயே படுத்துத் தூங்கினாள். நன்றாகவே தூங்கினாள். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. தன் வீட்டில் தன்னோடு இருப்பது யார் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை இல்லையா?

வண்டி விற்றவரை நச்சரித்து ஒரு முகவரி வாங்கினாள். டிசம்பரில், காரவனைப் பரஞ்சோதியின் பிக்கப்பில் கோத்து இழுத்துக்கொண்டு மெர்கோங் போனாள். அவளுடைய முதல் நீண்ட பயணம். தாமான் குடியிருப்பில் ஒரு வரிசை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். ரமணி என்ற ஐம்பது வயது அம்மாள் கதவைத் திறந்தார். காரவன் அவருடைய அக்கா திலகாவுடையது. ரிட்டயர் ஆன நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளாதவர். யான் பக்கம் கடலோரத்தில் வண்டியை நிறுத்தித் தனியாக இருந்தாராம்.

"அந்தக் கதவுக்கு உள்ள தாப்பா கெடையாது," என்றார் ரமணி. "ஒண்ணு போடுன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒரு நாளு நல்ல மழை. மத்தியானம். அக்கா எனக்குப் போன் பண்ணா. 'ஏன்டி மழையில நின்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்ற, கதவுதான் பூட்டலையே, தொறந்துக்கிட்டு வா'ன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. 'நான் மெர்கோங்ல, வீட்ல இருக்கேங்க்கா'ன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவ பேசல. போன் மட்டும் கட் ஆகல. மூச்சு வாங்குற சத்தம்… ரொம்ப நேரம்."

ரமணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார்.

"மறுநாளு போலீஸ்காரங்க ரெண்டு பேரு சேந்து இழுத்துத்தான் கதவத் தொறந்தாங்க. உள்ள உக்காந்திருந்தா. ரெண்டு கையாலயும் கைப்பிடிய இழுத்துப் புடிச்சபடியே. உசுரு இல்ல. வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சாங்க. சுத்தி ஒரு காலடித் தடம் இல்லன்னாங்க. ஹார்ட் அட்டாக்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

வாசுகி தன் இடது கைவிரல்களைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"அக்கா, வண்டி வெளியதான் நிக்குது. எல்லாம் புதுசா செஞ்சிருக்கேன். உள்ள தாப்பாவும் போட்டுட்டேன். வந்து பாருங்க."

ரமணி அவளோடு வாசல் கேட் வரை வந்தார். வெள்ளையடித்த காரவனைப் பார்த்தார். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. புடவைத் தலைப்பால் வாயை அழுத்தி மூடிக்கொண்டு, வாசுகியின் காதோரமாகக் குனிந்தார்.

"நான் வரலம்மா… என் குரல் அவளுக்குக் கேக்கக் கூடாது."