சத்தமாகப் படித்த சீட்டு

பயம் வந்தால் மற்றவர்கள் ஓடுவார்கள், வியர்ப்பார்கள், சாமியைக் கூப்பிடுவார்கள். நானும் அதையெல்லாம் செய்வேன். ஆனால் அதற்கு முன்னால் கண்ணில் பட்டதை உரக்கப் படித்துவிடுவேன். பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்ததும் அவர் சுவரில் மாட்டியிருந்த போர்டு முழுவதையும் அவருக்கே படித்துக் காட்டியிருக்கிறேன். பெண் பார்க்கப் போன வீட்டில் காலண்டரில் இருந்த ராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றையும் வரிசையாகப் படித்தேன். பெண் சிரித்துவிட்டாள். அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது.

இந்த வியாதியை எனக்குக் கொடுத்தது அச்சகம். தேரடித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் நான் புரூஃப் படித்தேன். ஒருவர் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் அச்சான தாளைச் சத்தமாக, புள்ளி கமா உட்படப் படிக்க வேண்டும். "அன்புடையீர் ஆச்சரியக்குறி, நிகழும் மங்களகரமான" என்று ஆரம்பித்தால் கடைசித் தாய்மாமன் பெயர்வரை நிறுத்தக் கூடாது. அர்த்தம் பார்த்தால் பிழை தப்பிவிடும் என்று முதலாளி சொல்வார். ஆறு வருஷம் அப்படிப் படித்ததில் என் கண்ணுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு பைபாஸ் ரோடு விழுந்துவிட்டது. மூளை அந்த வழியில் இல்லை.

இன்று திரையில் அவன் முகம் வந்தாலே தியேட்டர் விசிலடிக்கிறதே, அந்த என் நண்பன் அப்போது எங்கள் தெருவில் கொத்தனாருக்குக் கையாள். பத்தாம் வகுப்பில் அப்பா போய்விட, மறு வாரமே சிமெண்டுச் சட்டி தூக்கப் போனவன். சாரத்தின் மேல் நின்றுகொண்டு காலை முதல் சாயங்காலம்வரை பேசுவான். கண்ணாலேயே சுவர் அளக்கும் மேஸ்திரி, சில்லறை தராத டவுன் பஸ் கண்டக்டர், வெள்ளைக்காரரிடம் விரலால் வாடகை பேசும் ஆட்டோக்காரர், எல்லாரும் அவன் வாயில் வந்து போவார்கள். அவன் இருக்கும் கட்டடம் சீக்கிரம் எழும்புகிறது என்று கொத்தனார்கள் அவனைச் சண்டை போட்டு அழைத்துப் போவார்கள். சிமெண்டு தின்ற புண் அவன் கையில் ஆறவே ஆறாது. மைக்கைப் பிடிக்கும்போது வெள்ளைக் கைக்குட்டையைச் சுற்றிக்கொள்வான். ஊர் அதை ஸ்டைல் என்று நினைத்தது.

எண்பத்தொன்பதில் எங்கள் ஊர் தனி மாவட்டத்துக்குத் தலைநகரானது. அடுத்து வந்த காணும் பொங்கலுக்குத் தெரு விழாக் கமிட்டியின் செயலாளர் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "இனிமே நாம ஜில்லா தலைநகரம்டா, கச்சேரி அதுக்குத் தக்க இருக்கணும்" என்றார். பாட்டுக் கச்சேரியில் பாடகர்கள் தண்ணீர் குடிக்கும் பத்து நிமிஷத்தை 'பல குரல்' என்று யாருக்காவது கொடுப்பார்கள். அதை நண்பனுக்கு வாங்கித் தந்தேன். அறிவிப்பாளன் நான். மேடைக்கு வரும் சீட்டுகளைப் படிப்பது என் வேலை. 'இந்தப் பாட்டை இன்னொரு முறை பாடவும்', 'காணாமல் போன மஞ்சள் சட்டைக் குழந்தை மேடையருகே உள்ளது' என்று சீட்டு வந்துகொண்டே இருக்கும்.

பல குரல் என்றால் சனத்துக்கு நடிகர்கள் குரல் வேண்டும். என் நண்பனுக்கு ஒரு நடிகர் குரலும் வராது. அவன் பேசுவது மனிதர்களை. முன்பு ஏறிய இரண்டு மேடைகளிலும் அதனாலேயே இறக்கிவிட்டார்கள். அன்று மேடைக்குப் பின்னால் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னான்:

"திங்கக்கெழம மாமா பெங்களூருக்கு ஆள் இட்டுனு போறாரு. பெரிய பில்டிங், மூணு வருஷ வேல. இன்னிக்கும் யாரும் சிரிக்கலன்னா நானும் பஸ் ஏறிடறேன்டா. அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

மாமா என்றது அவன் அக்கா புருஷனை. மூன்று வருஷம் சாரத்தில் நின்றவன் திரும்பி வந்து மைக் பிடித்ததை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"சிரிப்பாங்கடா" என்றேன். சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த ஆம்ப்ளிஃபயர் மேல் எழுதியிருந்ததை அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

சாயங்காலம் ஆறு மணி. மேடையேறினான். மேஸ்திரி கதையை ஆரம்பித்தான். சனம் சும்மா பார்த்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "வாய்ஸ் போடுடா!" இன்னொரு குரல், பாடகியைக் கூப்பிட்டு, "தங்கச்சி, நீ வந்து பாடும்மா!" கோலி சோடா உடைக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. நண்பனின் கைக்குட்டை நனைந்து போனது. அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சலசலப்பு. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துக் கதை எழுதிக்கொண்டிருந்த ஒரு சினிமா டைரக்டரை, செயலாளர் விடாப்பிடியாகத் தலைமை விருந்தினராக அழைத்து வந்து முன் வரிசை நாற்காலியில் உட்காரவைத்தார். உட்காரவைத்த கையோடு ஏதோ எழுதி, பேட்ஜ் குத்திய ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்.

சீட்டு என் கைக்கு வந்தது. என் கை ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தது. பைபாஸ் திறந்துகொண்டது.

"சீஃப் கெஸ்ட் வந்துவிட்டார் புள்ளி" என்று மைக்கில் படித்தேன். "அந்தப் பையனை உடனே மேடையை விட்டு இறக்கவும் புள்ளி. சனம் கொட்டாவி விடுகிறது கமா பார்க்கச் சகிக்கவில்லை புள்ளி. இவனை யார் கூட்டி வந்தது கேள்விக்குறி. நல்ல பாட்டாகப் போடவும் புள்ளி. இது ரகசியம் கமா சத்தமாகப் படிக்க வேண்டாம் புள்ளி. இப்படிக்கு, செயலாளர்."

கடைசி வரி வாயை விட்டு வெளியே போன பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது.

அப்படி ஓர் அமைதியை நான் கோயில் கருவறை முன்னால்கூடக் கேட்டதில்லை. நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் பெங்களூர் பஸ் போவது தெரிந்தது.

அவன் மைக்கை வாயருகே கொண்டுபோனான். "இன்னொரு தபா படி" என்றான்.

படித்தேன். வேறென்ன செய்வது? புள்ளி கமாவோடு படித்தேன். முதல் கமாவிலேயே எங்கோ ஒரு பெண் குபீரென்று சிரித்தார். 'ரகசியம்' வந்தபோது தெருவே சிரித்தது. நண்பன் பணிவாகத் தலையாட்டிக்கொண்டு, மைக் ஒயரை இழுத்துக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கி நேராகப் போய் முன்னால் விரித்திருந்த பாயில் பெண்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"செயலாளர் அண்ணே, எறங்கிட்டேன். இப்ப நானும் சனம். எனக்கும் கொட்டாவி வருது." பெரிதாக ஒன்று விட்டான். அப்புறம் மேடையைப் பார்த்தான். மேடையில் நான் மட்டும் இருந்தேன். "யக்கா, அது யாருக்கா மேல தனியா நடுங்கறது? கரண்டு ஷாக்கா? அவன யாரு கூட்டினு வந்தது, கேள்விக்குறி?"

சிரிப்பு அலையாக எழுந்தது. ஆனால் நான் பார்த்தது சிரிப்பை அல்ல. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்த செயலாளரை. அதற்குமேல் அங்கே நின்றால் நான் நானில்லை. மேடையின் பின்பக்கம் குதித்து, ஜெனரேட்டர் வண்டியைச் சுற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். புறப்படத் தயாராக நின்ற முதல் பஸ்ஸில் ஏறினேன். அது கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகிறது என்பது டிக்கெட்டை உரக்கப் படித்தபோதுதான் தெரிந்தது. நல்லவேளை, அங்கே எனக்கு ஒரு சித்தி இருந்தார்.

சித்தி வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினேன். ஊரில் யாரும் என்னைத் தேடவே இல்லை என்பது பிறகு தெரிந்த விஷயம். அப்போது வாசலில் நாய் குரைத்தாலே செயலாளர் என்று நினைத்தேன். அதைவிட நெஞ்சை அடைத்தது திங்கட்கிழமை. விடிந்ததிலிருந்து மணி பார்த்தேன். இப்போது பஸ் கிளம்பியிருக்கும், இப்போது ஊத்தங்கரை தாண்டியிருக்கும், என்னால் ஒருவன் சிமெண்டுக்குப் போகிறான். மத்தியானம் சோறு இறங்கவில்லை.

அப்போது வாசலில் சைக்கிள் வந்து நின்றது. நண்பன். தோளில் பெங்களூருக்குக் கட்டிய அதே பை.

"பஸ்?" என்றேன்.

"போயிடுச்சு."

"நீ?"

"தோ நிக்கறேனே, தெரியல? மூட்ட பின்னாலருந்து வெளிய வாடா மொதல்ல."

கச்சேரிக்கு மறுநாள் டைரக்டர் அவனைச் செங்கம் ரோட்டு அறைக்குக் கூப்பிட்டு, அதே மாதிரி பேசச் சொன்னாராம். மேடை இல்லை, மைக் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறான். மெட்ராஸ் வா என்று சொல்லிவிட்டார்.

"வேஷம் குடுக்கறாரா?"

"வேஷமாவது! ஆபீஸ் பெருக்கணும், டீ வாங்கணும், அவரு டல்லா இருந்தா பேசணும். போதும்டா. சிரிக்கறாங்கடா. பாய்ல உக்காந்துனு பேசனா சிரிக்கறாங்க." அவன் கண் கலங்கியிருந்தது. உடனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டினான். "சீட்டு எங்க? குடு."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்து வைத்துக்கொண்டான்.

"நீயும் வாடா. ரெண்டு பேரா போலாம்."

நான் பக்கத்தில் இருந்த உர மூட்டையைப் பார்த்தேன். "யூரியா" என்றேன். "நைட்ரஜன் நாற்பத்தாறு சதவீதம் கமா, ஈரம் படாத இடத்தில் வைக்கவும் புள்ளி."

"சரி, வர மாட்டன்னு புரியுது" என்றான். சித்தி போட்ட சோற்றை இருவரும் சாப்பிட்டோம். எனக்கு அன்று பசித்த பசி!

அதன் பிறகு ஒன்பது பத்து வருஷம். எழுதினால் இரண்டு வரியில் முடிகிறது, அவனுக்கு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்தால் எனக்கு இங்கே மூச்சு முட்டும். அவன் தபால் கார்டுகளை நான்தான் அவன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். முதல் படத்தில் பிணமாக நடித்தான். தும்மல் வந்து மூன்று தடவை பிழைத்துக்கொண்டான். இரண்டாவது படத்தில் முதுகு மட்டும். பட்டினி கிடந்ததை ஒரு கார்டிலும் எழுதவில்லை. "இங்கு சாப்பாடு லைட்டாக இருப்பதால் உடம்பு சுறுசுறுப்பாக உள்ளது" என்று எழுதுவான். அம்மா அந்த வரியில் மட்டும் என்னை நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொல்வார்.

ஆனால் மேடையை அவன் விடவில்லை. கல்லூரி விழா, கம்பெனி விழா, எங்கே கூப்பிட்டாலும் போவான். ஏறுவான், இரண்டு வாக்கியம் பேசுவான், இறங்கிச் சனத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு மீதியைப் பேசுவான். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அவன் யாரையும் கீழே தள்ளிச் சிரிக்கவைப்பதில்லை. மைக் வைத்திருப்பவன், அளக்கிறவன், சீட்டு எழுதுகிறவன், இவர்களைத்தான் கேலிக்குத் தொடுவான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவர் தன்னைப் பற்றிப் பேசுவதாக நினைத்துச் சந்தோஷப்படுவார். இது சாரத்தில் நின்று கற்றது. கீழே ஆட்கள் நடமாடும்போது செங்கல்லை எப்படிப் போடக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்தபின் அவனுக்குப் பெயர் வாங்கித் தந்த படம் வந்தது. எங்கள் ஊர்த் தியேட்டரில் அவன் அம்மாவை அழைத்துப் போனேன். சனம் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தது. அவர் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. "கன்னம் தேறியிருக்குப்பா" என்று இடைவேளையில் சொல்லிவிட்டு முறுக்குச் சாப்பிட்டார்.

அடுத்த பொங்கலுக்குத் தெருவில் பாராட்டு விழா. அதே இடம், அதே செயலாளர், தலை மட்டும் வெளுத்திருந்தது. அறிவிப்புக்கு என்னையே கூப்பிட்டார்கள். நண்பன் பெரிய நாற்காலியில் மாலைகளுக்குள் புதைந்து உட்கார்ந்திருந்தான். புண் எப்போதோ ஆறிவிட்ட கையில் வெள்ளைக் கைக்குட்டை. செயலாளர் மைக்கில் முழங்கினார்:

"இந்தப் பிள்ளகிட்ட இருக்கற தெறமய அன்னிக்கே கண்டுபுடிச்சு, மேடை குடுத்து, ஏத்தி வெச்சவன் நான்!"

கைதட்டல். அப்போது நாற்காலியிலிருந்து ஒரு கை என் பக்கம் நீண்டது. சீட்டு. நான்காக மடித்து மடித்துப் பழுத்துப் போன தாள். பழைய பயம் வந்துவிட்டது; பிரித்தேன்.

என்னைத் தெரிந்தவன் அவன். முக்கியமான வரியை முதலிலேயே எழுதியிருந்தான்.

"சத்தமாகப் படி புள்ளி" என்று படித்தேன். "மாலை கழுத்தை அறுக்கிறது கமா கை நடுங்குகிறது புள்ளி. அன்றைக்கும் நடுங்கியது புள்ளி. நீ படித்ததால்தான் இறங்கினேன் புள்ளி. இப்போதும் இறங்க வேண்டும் கமா படி புள்ளி."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தாளைத் திருப்பிப் பார்ப்பது புரூஃப் படிப்பவன் பழக்கம். திருப்பினேன். "சீஃப் கெஸ்ட் வந்துவிட்டார் புள்ளி. அந்தப் பையனை உடனே மேடையை விட்டு இறக்கவும் புள்ளி." 'இப்படிக்கு, செயலாளர்' வரை போய்த்தான் நின்றேன்.

செயலாளர் என் கையிலிருந்து தாளைப் பிடுங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "கையெழுத்து என்னுதுதான்" என்றார் மைக்கிலேயே. "ஆனா இந்தக் கமா, புள்ளிலாம் நான் போடலடா, பாவி!"

தெரு வெடித்தது. நண்பன் மாலைகளைக் கழற்றி நாற்காலியில் குவித்தான். செயலாளரின் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போய், பாயில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். இருவரும் மேடையை அண்ணாந்து பார்த்தார்கள்.

"அண்ணே," என்றான், "அது யாருண்ணே மேல தனியா நடுங்கறது?"

இந்தமுறை நான் ஓடவில்லை. வீரம் வந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பின்பக்கப் படியை அடைத்துக்கொண்டு என் மனைவி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.