ஆற்றில் விட்ட மீன்

மன்னாருக்குப் போன அம்மா வருடம் தாண்டியும் பலெர்மோவுக்குத் திரும்பி வராததற்குக் காரணம் மீன்தான் என்று ஒன்பது வயதில் நான் உறுதியாக நம்பினேன். படுக்கையில் விழுந்த தன் தகப்பனாரைப் பார்க்கப் போன இடத்தில், இத்தாலியில் தங்குவதற்கான அம்மாவின் பெர்மெசோ காலாவதியாகிவிட்டது என்று அப்பா எத்தனையோ தரம் சொல்லியிருந்தார். அது என் காதில் ஏறவில்லை. அம்மாவுக்கு மீன் என்றால் உயிர், மன்னாரில் நல்ல மீன் கிடைக்கிறது, ஆகவே இருக்கிறார். அந்தக் கடலில் இல்லாத ஒரு மீனைக் காட்டினால் அடுத்த விமானத்திலேயே ஏறிவிடுவார். அம்மா இல்லாத எங்கள் இரண்டு அறை வீட்டில் எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. எனக்கு அம்மா வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி ஒரு மீன் இருப்பதை அப்பா வேலை செய்த வீட்டுக் கிழவரிடமிருந்து அறிந்தேன். நாங்கள் அவரைச் சிஞ்ஞோரே என்போம். வடக்கு நாடுகளில் சால்மன் பிடித்த கதைகளை அவர் ஓயாமல் சொல்வார். எங்களைப் பொறுத்தவரை சால்மன் கடையில் விற்கும் தகர ரின்னுக்குள்ளேயே பிறந்து வளரும் சாதி. ஆனால் மலைப்பக்கத்து ஆற்றில் உடம்பெல்லாம் பொட்டு வைத்த ட்ரோத்தா என்றொரு மீன் இருக்கிறது என்று அவர் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோடை தொடங்கியதும் அதை ஈயைக் கொண்டு பிடிப்பாராம். ஈ என்றால் நிஜ ஈ அல்ல, இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய் ஈ. எங்கள் போர்கோ வெக்கியோ சந்தையில் நிஜ ஈக்குப் பஞ்சமே இல்லாதபோது காசு கொடுத்துப் பொய் ஈ வாங்கும் மனிதர் எனக்குப் புதுமையாக இருந்தார்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சிஞ்ஞோரே எங்களையும் காரில் கூட்டிப்போனார். பொட்டு மீன் கிடைத்தால் ஞாயிறு பூசை முடிந்து அம்மாவுடன் கதைக்கும்போது போனில் காட்டுவதாக அப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

இடுப்பளவு ரப்பர் சப்பாத்து மாட்டிய சிஞ்ஞோரே தண்ணீரில் இறங்கி, மாடு விரட்டுபவரைப் போலத் தூண்டில் கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசினார். மன்னார்க் கடலில் வலை இழுத்து வளர்ந்த அப்பா, சிரித்தால் வேலை போய்விடும் என்ற முகத்தோடு கல்லில் உட்கார்ந்திருந்தார். மத்தியானத்துக்குள் சிஞ்ஞோரே களைத்துப்போய்த் தூண்டில் தடியை அப்பாவிடம் நீட்டினார். அப்பா வீசிய ஈ முதலில் மரத்தைப் பிடித்தது. பிறகும் மரத்தையே பிடித்தது. அதற்குப் பிறகு கயிறு விறைத்தது.

அப்பா தடியை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டுக் கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தார். சிஞ்ஞோரே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். படியேறக்கூட அவசரப்படாத என் அப்பா, தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று அந்தப் பொட்டு மீனை இரண்டு கையாலும் தூக்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கண்டதில்லை.

அந்த ஆற்றில் பிடிக்கும் மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. “லாஷா, லாஷா” என்று சிஞ்ஞோரே கத்தினார். விட்டுவிடு என்று பொருள். வேறு நாளில் அவருடைய ஒரே ஒரு இத்தாலியச் சொல்லுக்கே எழுந்து நிற்கும் அப்பாவுக்கு அன்று காதே கேட்கவில்லை. சிஞ்ஞோரே என் பக்கம் திரும்பி, உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்.

சொன்னால் மீன் போய்விடும். மீன் போனால் அம்மா வரமாட்டார். ஆனால் விடிந்தால் பூசைக்குப் போக வேண்டிய பிள்ளை பொய் சொல்லலாமா? “விடு” என்று வாய்க்குள் முனகினேன்.

எந்தச் சொல்லையும் இழுக்காமல் சொல்லத் தெரியாத நாக்கு அவருடையது. வாயருகே கைகளைக் குவித்து அப்பாவைப் பார்த்துக் கூவினார்.

“வீடு! வீடு!”

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. சிஞ்ஞோரேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருடைய கைகள் மெல்லத் தளர்ந்தன. மீன் நழுவிப் போனது. அவர் கைகளைத் தண்ணீருக்குள் வைத்தபடியே வெகுநேரம் குனிந்து நின்றார்.

திரும்பி வரும்போது காரில் நான் அழுதுகொண்டே வந்தேன். வாக்குத் தவறிய அப்பாவை என்னென்னவோ சொன்னேன். அவர் ஒரே ஒரு தரம்தான் வாய் திறந்தார்.

“போகட்டும், பிள்ளை. அதுக்குப் போக வழியிருக்கு.”

மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா மரம் பிடித்த கதைக்கு அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெரிய சிரிப்பை எதிர்பார்த்துச் சிஞ்ஞோரேயின் குரலிலேயே “வீடு, வீடு” என்று கத்திக் காட்டினேன். அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்பாட்டைக் குடு, குஞ்சு.”

அப்பா போனை வாங்கினார். திரையில் அம்மா அசையவில்லை. இந்தப் பக்கம் அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு விஷயம் உடனே பிடிபட்டது: நெட் சரியில்லை, படம் உறைந்துவிட்டது. அப்பாவின் கையிலிருந்து போனைப் பறித்து, அழைப்பை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து மறுபடி எடுத்தேன்.