ஓபோ வாசித்த ஜெர்மன்காரர்

இத்தாலியின் பலேர்மோ நகரில், வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்தெருவில் ஒரு ஜெர்மன்காரரின் வீட்டைத் துப்புரவாக்கி வந்தேன். ஓபோ என்ற குழல் வாசித்தவர். பரோக் என்ற பழைய ஐரோப்பிய இசையை வாசிக்கும் குழு ஒன்றைத் தொடங்கி நடத்தியவர். பக்கவாதத்தில் உதடு கோணி வாசிக்க முடியாமல் போன பிறகும், காலையில் சீவாளியைச் சீவிக்கொண்டே இருப்பார்.

அந்தக் குழு இங்கே தேவாலயத்தில் வாசிக்க வந்தபோது என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். முடிவில் புதிய நடத்துநர் எல்லாருக்கும் நன்றி சொன்னார். முன்வரிசையில் இருந்த இவருக்கு மட்டும் சொல்லவில்லை.

"உங்களை மறந்திட்டினம், மாயெஸ்த்ரோ," என்றேன். இசை ஆசானை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"மறக்கேல்லை. நான் ஒருத்தருக்கும் நன்றி சொன்னதில்லை. அதையும் என்னட்டைத்தான் பழகியிருக்கினம்," என்றார்.

நாலு வருடத்தில் எனக்கும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. ஆனாலும் படியிறங்கும்போது அவர் கையை ஏன் அப்படி இறுகப் பிடித்திருந்தேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.