பள்ளி கேட்டில் அம்மா

பாசாரில் இன்று காய்கறி வாங்கும்போது யாரோ தேங்காய் எண்ணெய் மணக்கக் கடந்துபோனதும், ரெம்பியா ஊருக்குப் பக்கத்தில் நான் படித்த எஸ்டேட் பள்ளி நினைவுக்கு வந்தது. நெடுங்காலம் அங்கே தலைமையாசிரியையாக இருந்த என் அம்மா, தினமும் கேட்டில் நின்று, பெற்றோர் விடியுமுன்னே ரப்பர் பால்மரம் சீவப் போய்விட்டதால் தலைவாராமல் வரும் பிள்ளைகளைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே எண்ணெய் தடவிப் பின்னல் போட்டுவிடுவார். வீட்டில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. ஒருநாள் என் பின்னலை நானே அவிழ்த்துவிட்டு அந்த வரிசையில் நின்றேன்.

"அம்மா..."

"இங்க நான் டீச்சர்லா. ஒனக்குத்தான் வீட்டுலயே பின்னியாச்சே, நீயே போட்டுக்க," என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்ற செல்வியை அருகே இழுத்துக்கொண்டார்.

பள்ளி இருந்த இடத்தில் இப்போது செம்பனைத் தோட்டம் நிற்கிறது. "அத்தன வருஷத்துல ஒங்களுக்கு எதும்மா ரொம்ப சந்தோஷம்?" என்று போன வாரம் கேட்டேன்.

"காலையில அந்தப் பிள்ளைங்க ஓடி வருவாங்க பாரு, அதுதான்," என்றார் உடனே.

அவர் முகம் மலர்ந்திருந்தது. எனக்கு ஐம்பது வயதாகிறது, இன்னும் அந்தப் பிள்ளைகளை நினைத்து வயிறு எரிந்தது.