நாப்பத்தொண்ணாம் புள்ளி

ஹெர்மினே மாதிரி ஒரு சந்தேகக்காரிய ஆஸ்திரியா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பால்காரன் ஊத்தின பாலையே மூணு தடவை அளப்பா. உப்புச் சுரங்கத் தொழிலாளி மக. எங்க நில அளவை ஆபீஸ்ல இருபத்திரெண்டு வருஷமா கணக்குப் போடறா. பொண்ணு கேட்டு வந்தவனையெல்லாம் கூட்டிக் கழிச்சே ஓட்டிட்டான்னு சொல்லி, நான் அவகிட்ட ஸ்கேலால அடி வாங்கியிருக்கேன். நான் யோப்ஸ்ட், பெட்டி சுமக்கறவன். பூமி எந்த இடத்துல எவ்வளவு பலமா இழுக்குதுன்னு காட்டற பெட்டி. அதை மலைமலையா சுமந்து ஒரு ஜாண் குள்ளமாயிட்டேன்.

மலை முழுக்க அளக்க முடியாதே. அங்கங்க அளந்துட்டு, நடுவுல இருக்கறத ஹெர்மினே கணக்குல கொண்டு வருவா. அதுக்கு லீஸ்ட் ஸ்கொயர் கொலோகேஷன்னு பேரு, சொல்லி முடிக்கறதுக்குள்ள சூப் ஆறிடும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிங்க ஒத்துப்போகும், தள்ளிப் போகப் போக ஒட்டு குறையும், அவ்வளவுதான். ஒரு புள்ளியை மறைச்சுட்டு, மத்ததை வச்சு அது என்னவா இருக்கணும்னு கணிப்பாங்க. அளந்தது ரொம்ப விலகினா, அளந்தவன் சொதப்பிட்டான்னு அந்தப் புள்ளியைக் கோடு போட்டு அடிச்சிடுவாங்க.

அந்த வசந்தத்துல ஷ்ராட்டன்பாக் பள்ளத்தாக்குல நாப்பத்தொண்ணாம் புள்ளி விலகுச்சு. அங்க மட்டும் பூமி கம்மியா இழுத்துச்சு. புள்ளி ஹெர்மினேவோட தம்பி எகிட் வீட்டு வேலி ஓரம்.

இன்ஜினியர் ஒட்மார் சிரிச்சுக்கிட்டே சிவப்புப் பென்சில எடுத்தாரு. யோப்ஸ்ட் அன்னைக்குப் பெட்டியை விட பாட்டிலத்தான் பத்திரமா தூக்கியிருப்பான்னாரு. நானும் சிரிச்சேன். பொய்யில்ல, பாட்டிலும் இருந்துச்சு. கோடு விழுந்துச்சு. மேப்பு வழவழன்னு வந்துச்சு. ஹெர்மினேதான் வரைஞ்சா.

ஆனா அவ விடல. அவங்க அப்பா தோண்டின பழைய உப்பு அறைங்க எங்க முடியுதுன்னு யாருக்கும் தெரியாது. உப்பு தண்ணியில கரையும், கீழ பொந்து விழுந்தா பூமி இழுக்கறதும் குறையும். லீவு போட்டு என்னைக் கூட்டிட்டுப் போனா. சொட்டுக் குடிக்காம அளந்தேன். அதே இடம், முன்னைவிடக் குறைச்சல். அடுத்த மாசம் இன்னும் குறைச்சல்.

ஒட்மார்கிட்ட காட்டினா. பெட்டிக்கு வயசாயிடுச்சுன்னாரு. மத்த நாப்பது புள்ளியிலயும் சரியா காட்டற பெட்டிக்கு இங்க மட்டும் வயசாகுமான்னு கேட்டா. அவரு வேற ஃபைல எடுத்துட்டாரு.

எகிட்கிட்ட போனோம். சமையல்கட்டுச் சுவத்துல கை நுழையற விரிசல். அதுல கரண்டி சொருகி வச்சிருந்தான்.

"வீட்டை விட்டு வாடா. கீழ ஒண்ணுமில்ல"ன்னா ஹெர்மினே.

அவன் அலமாரியில இருந்து அச்சடிச்ச மேப்பை எடுத்து விரிச்சான். "இதுல எல்லாம் சமமாத்தானே இருக்கு? கீழ உன் கையெழுத்துதானேக்கா?"

ஊரையே வாயால மடக்கறவ, அந்த மேப்பை மட்டும் மடக்கி வச்சா.

கடைசில டவுன் ஸ்கூல் நல்ல ஸ்கூலுன்னு சொல்லி அவனோட மூணு புள்ளைங்களையும் தன் வீட்டுக்கு அழைச்சுட்டு வந்துட்டா. எகிட்டும் பொண்டாட்டியும் மாடுங்களை விட்டு வர மாட்டேன்னுட்டாங்க.

இப்ப ஞாயித்துக்கிழமை தவறாம நாங்க போறோம். போன வாரமும் அளவு இறங்கியிருக்கு. அவ நோட்டுல எழுதினா. நடுவுல ஒரு தடவை நெத்தியைத் துடைச்சா. எகிட் வாசல்ல நின்னு, "உள்ள வந்து காபி குடிங்களேன்"னு கூப்பிட்டான்.

ஓசின்னா எரிமலை வாய்க்குள்ளயும் இறங்கிக் குடிக்கற ஆளு நான். வேலிக்கு வெளியவே கொண்டாந்து குடுன்னேன்.